அப்பா வேலி கட்டிய முளை

சிவாஜிநகர், பெங்களூர்
12-3-1961

அன்புள்ள கோவிந்தன் அண்ணனுக்கு, தங்கை சரசு எழுதுவது. நான் நலம். சந்தாபுராவில் அப்பாவும் நலம். அதுதான் எனக்கு எரிச்சல். செய்வதையெல்லாம் செய்துவிட்டு, வேளாவேளைக்குக் களி சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

அசாமில் நீ எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்து இணைக்கிற போட்டோவை அப்பா சுவரில் மாட்டியிருக்கிறார். மதராசிலிருந்து பெங்களூருக்கும் அப்படி ஒரு குழாய் போடலாமா என்று இங்கே ஒரே பேச்சு. எங்கள் ஆபீசில் இரண்டு கட்சி. எதிர்வீட்டு டாங்கர் லாரி ஜெயராஜ், குழாய் வந்தால் ஸ்டியரிங்கைக் கழற்றி வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று புலம்புகிறார். நான் வழக்கம்போல வாயைத் திறக்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அது நம் நிலத்துக்கே வரும் என்று கண்டேனா?

தை மாதம் சர்வேக்காரர்கள் வந்து, சிவப்புத் துணி கட்டிய முளைகளை ஊர் நெடுக அடித்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணப்பா முதல் எல்லோரும் தங்கள் நிலத்து முளைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்கள். நம் அப்பா மட்டும் மாடு முட்டாமல் இருக்க முள்வேலி கட்டினார். துணி வெளுத்ததும் புதுத் துணி கட்டினார். கேட்டால், "நம்ம கோவிந்தன் வேலை பாக்குற குழாய்க்கு அடிச்ச முளைம்மா" என்கிறார். அசாம் வேறு, இது வேறு என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே சொல்கிறார். "ஏன் சின்னப்பா, முளைக்கு எப்போ காது குத்தறே?" என்று கிருஷ்ணப்பா அப்பாவைப் பேர் சொல்லிக் கேட்கிறாராம். அப்பாவும் சிரிக்கிறாராம்.

சர்வேக்காரர்கள் திரும்பி வந்தபோது ஊரில் நின்றது நம் முளை ஒன்றுதான். அதை வைத்தே குழாய் போகும் கோட்டைப் போட்டுவிட்டார்கள். கிணற்றை ஒட்டிப் போகிறது. குழாய்ப் பாதையில் கிணறு இருக்கக் கூடாதாம், மூடிவிடுவார்களாம்.

நேற்று ஆனேக்கல் தாலுகா ஆபீசில் விசாரணை. அத்தனை ஆண்களுக்கு நடுவே எழுந்து நின்றேன், அண்ணா. மற்ற முளைகள் எங்கே போயின என்று யாராவது விசாரித்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டேன். கிருஷ்ணப்பா கூரையைப் பார்த்தார். விசாரித்த தாலுகா அமல்தார் நல்ல மனிதர். பங்குனி முடிவதற்குள் நிலத்துக்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், கோட்டைப் புறம்போக்குப் பக்கம் தள்ளச் சொல்கிறேன் என்றார். அங்கேயே எழுதி அப்பா முன்னால் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எதுத்துக் கைநாட்டு வெச்சா அங்க அவன் வேலை போயிடும். கிணறு போனாப் போகட்டும்மா."

இவருக்கு மகளாக பி.ஏ. படித்து என்ன பயன், சொல்லு.

உனக்கு நினைவிருக்கும். கிருஷ்ணப்பா வீட்டுக் கிணற்றடியில் அம்மா குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று வெயிலில் நிற்பாள். கயிற்றைத் தொட விடமாட்டார்கள். அதற்காகத்தான் நீயும் அப்பாவும் பாறையை உடைத்து அந்தக் கிணற்றைத் தோண்டினீர்கள். அம்மா அதில் இரண்டு கோடைதான் தண்ணீர் இறைத்தாள்.

குழாய் நாட்டுக்கு நல்லது என்று எழுதியிருந்தாய். வரட்டும். கொஞ்சம் தள்ளி வரட்டும். ஆட்சேபித்தால் உன் வேலை போகாது என்று அப்பாவுக்கு உன் கையால் எழுது. நான் சொன்னால் அது படித்த பெண்ணின் பேச்சு. நீ எழுதினால் கைநாட்டு வைப்பார். ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் நானே படித்துக் காட்டுகிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே தோண்டும் வழியில் கிணறு ஏதாவது வந்தால், அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு, அண்ணா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
சரசு