சகின்பெக்கின் கடைசி மேடை

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிஷ்கெக்கிலிருந்து பெர்மெட்டின் சலாம். நான் சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

உங்களுக்குப் பிடித்த பாடகர் சகின்பெக்கின் கச்சேரியை ஞாயிறன்று எங்கள் கம்பெனிதான் நடத்தியது. முதலில் பாதி டிக்கெட்கூடப் போகவில்லை. "கடைசி மேடைன்னு போஸ்டர்ல போடு, கூட்டம் அள்ளும்" என்றார் முதலாளி. நான் அதோடு நிற்காமல், பாடகருக்கு உடம்பு முடியவில்லை என்று வானொலியிலும் சொல்லவைத்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அரங்கம் நிரம்பி வழிந்தது.

பாட்டு முடிந்ததும் சனம் மேடையேறிவிட்டது. "எங்க மேல மனக்குறை ஏதும் இருந்தா மன்னிச்சிருங்கய்யா" என்று ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்து அழுதார்கள். நம் ஊரில் சாகப்போகிறவரிடம்தான் அப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

என்னைத் தனியே கூப்பிட்டார். "டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரும்மா?"

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணுமில்லைய்யா! டிக்கெட் விக்க நான் கிளப்பிவிட்ட பொய்!"

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். "எங்கம்மா சாகக் கிடந்தப்ப நானும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன்."

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மற்றபடி வேலைக்குக் குறைவில்லை, கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்தயிர் உருண்டையும் அனுப்புங்கள். இங்கே விற்பதில் வெறும் உப்புதான். நம் ஊருக்கு வரும் வேன்காரர் கடிதத்துக்காக ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று கடைசி மூன்று கடிதத்திலும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்ததில் ஒரு வரியாவது அவர் கையால் வேண்டும், அம்மா.

பெர்மெட்