பிலிப்புவுக்கு நாலு, எனக்கு ஒன்று

பெப்ரவரி 4, ஞாயிறு

சரியான வெக்கை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை. ஞாயிறு பின்னேரம் மட்டும் வாடகைக்கு எடுக்கிற தமிழ்ச் சபை நாங்கள், பெரிதாக முறையிடவும் முடியாது. சவுண்ட் மிக்சரில் கை வைத்தால் தோசைக்கல்.

சபைக்குச் சவுண்ட் பார்ப்பவன் நான். படித்து வந்த வேலை இல்லை. ஒருமுறை பியூஸ் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து "பிரதர் இதில எக்ஸ்பேர்ட்".

சாட்சி நேரம், கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் நேரம். விசா கிடைத்த சாட்சி, முழங்கால் நோ போன சாட்சி. பிறகு ரெபேக்கா எழுந்தாள். என் மகள். இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் "சாப்பிட்டியோ" என்று கேட்டால் "ம்" என்பவள். மைக்கை வாங்கி, முக்காட்டைச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"இந்தச் சபையில ஒரு பொம்பிளையின்ர கழுத்தில ஒரு கை இருக்கு. வீட்டில நெரிக்கிற கை. அவ இஞ்சை வந்து எங்களோட பாட்டுப் படிக்கிறா. கர்த்தர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

உட்கார்ந்துவிட்டாள்.

கர்த்தர் காட்டினார் என்று இப்படித் தீர்க்கதரிசனம் வந்தால் எல்லோரும் ஆமென் சொல்வது வழக்கம். ஒருவரும் சொல்லவில்லை.  கடைசியில் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் ஜெயம் அண்ணை பெரிய குரலில் "ஆமென்!" அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

 வீடு வரும் வழியில் காரில் என் மனைவி விமலா: "இந்த வாய் எங்கட ஆக்கள் பக்கத்தில இல்லை." என் பக்கத்திலும் இல்லை. என் வாய் திறப்பது சாப்பாட்டுக்கும் கொட்டாவிக்கும்தான்.

பெப்ரவரி 5, திங்கள்

வேலை. ஜெயம் அண்ணை சபையில் மூப்பர், வெயார்ஹவுசில் எனக்குச் சுப்பர்வைசர். இந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான். ஒரே மனிதனுக்குக் கிழமை முழுக்கப் பயப்படலாம், வசதி.

மத்தியானம் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, பிள்ளை ஆரை நினைச்சுச் சொன்னவ?"

"தெரியாது அண்ணை."

"கேட்டுப் பாருமன்."

சிரித்தார். போகும்போது என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்து மூடிவிட்டுப் போனார். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மூப்பர் என்றால் விசாரிக்கத்தானே வேண்டும். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. பிறகு சாமான் தூக்கும் போர்க்லிஃப்டைத் தூணில் கொண்டுபோய் முட்டினேன். பீன்ஸ் அடைத்த ரின்கள் நிலமெல்லாம் உருண்டன.

பெப்ரவரி 6, செவ்வாய்

ரெபியை ரயில் ஸ்டேசனில் இறக்கப் போனேன். காரில்தான் அவளைப் பிடிக்கலாம், இறங்கி ஓட முடியாது.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. கர்த்தர் சொன்னவரோ, ஆஸ்பத்திரியில கேள்விப்பட்டனியோ?"

"அப்பா! வேலையில தெரிஞ்சதைச் சேர்ச்சில சொன்னா என்ர லைசென்ஸ் போகும். ஒருத்தரும் சொல்லேல்லை. பாட்டுப் பாடேக்க கண்ணுக்குள்ள தெரிஞ்சுது. கழுத்தும் கையும். முகம் தெரியேல்லை."

"அப்ப ஏன் சொன்னனீ?"

"சொல்லாமல் இருக்க ட்ரை பண்ணினனான். ஏலேல்லை."

ஸ்டேசன் வந்தும் கதவைத் திறக்காமல் இருந்தாள். பெரிய அவசரப் பிரிவெல்லாம் பார்க்கிற பிள்ளை. என் பயத்துக்கு இரண்டு கால் முளைத்துவிட்டது. பிள்ளைக்கு மண்டையில் ஏதாவது பிழையோ என்பது ஒன்று. ஒரு பிழையும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரிது.

வாங்க வேண்டியது: பால், தலையிடிக்குப் பனடோல், மிக்சருக்கு நீள வயர்.

பெப்ரவரி 7, புதன்

சபையை நடத்தும் பாஸ்ரர் வீட்டில் வேதபாடம். தலைப்பைத் திடீரென்று மாற்றியிருந்தார்: ஆதிச்சபையில் தீர்க்கதரிசனம் சொன்ன பெண்கள். எல்லோரும் ரெபியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

பாஸ்ரர் சொன்னது, விளங்கின அளவில்: பிலிப்பு என்ற சுவிசேஷகருக்கு நாலு பெண்பிள்ளைகள், நாலும் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள். கொரிந்துச் சபையிலும் பெண்கள் சொன்னார்கள். ஆனால் அது அந்தக் காலம். பிறகு அப்போஸ்தலர் பவுலே கொரிந்துக்கு எழுதின கடிதத்தில் பெண்கள் சபையில் பேசாமல் இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்.

ரெபி கை உயர்த்தினாள். "பாஸ்ரர், அதே கடிதத்தில தீர்க்கதரிசனம் சொல்லேக்க தலையை மூடுங்கோ எண்டும் எழுதியிருக்கிறார். பேசவே கூடாதெண்டா, பேசேக்க எப்பிடி உடுக்கிறதெண்டு ஏன் சொல்லுவான்?"

 எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு நொடி. பிறகு மூப்பர்மாரின் முகங்களைப் பார்த்தேன். ஜெயம் அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றவர், தட்டை நீட்ட மறந்து நின்றார். அண்ணை, "ரஞ்சி" என்றார். மெதுவாகத்தான். தட்டு நகர்ந்தது.

முடிந்தபின் பாஸ்ரர் என்னைக் கராஜுக்குள் கூட்டிப் போனார்.

"பிரதர், வாற ஞாயிறு மகள் திரும்ப எழும்பினா, மைக் சத்தத்தை இறக்கிவிடுங்கோ. மெஷின் பிழை எண்டு சனம் நினைக்கும். அவவுக்கும் அவமானம் இல்லை. அவ சொன்னது கர்த்தரின்ர வாக்கோ எண்டு முதல்ல மூப்பர்மார் சோதிச்சுப் பாக்கோணும்."

"ஓம் பாஸ்ரர்."

யார் சோதிப்பது? மூப்பர் குழுவுக்குத் தலைவர் ஜெயம் அண்ணை.

பெப்ரவரி 8, வியாழன்

வேதத்தில் பிலிப்புவின் கதையைத் தேடி வாசித்தேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து. நாலு பெண்பிள்ளைகள் என்று ஒரே ஒரு வசனம். பேர் இல்லை. என்ன சொன்னார்கள் என்றும் இல்லை. உடனே அடுத்த வசனத்தில் வெளியூரிலிருந்து ஒரு ஆண் தீர்க்கதரிசி வருகிறார். பிலிப்புவின் வீட்டில் தங்கியிருந்த பவுலின் இடுப்புக் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக் காட்டுகிறார். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் இருக்கிறது.

அந்த வீட்டில் மைக்கை இறக்கினவன் யாரோ.

தகப்பன் பயந்தாரா என்றும் எழுதவில்லை. நாலு! எனக்கு ஒன்றுக்கே சோறு இறங்குதில்லை.

பெப்ரவரி 10, சனி

பென்டில் ஹில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்:

"நர்ஸ் பிள்ளைக்கு விசராம், மண்டை பிழையாம்."

"விசரில்லை, கலியாணம் சரிவரேல்லை. அதுதான்."

முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்தேன். விமலாவிடம் சொல்லவில்லை. முருங்கைக்காய் சரியான விலை, வாங்கவில்லை என்று சொன்னேன்.

பயங்கள்: வேலை போகும். சபை போகும். பிள்ளையின் பேர் போகும். அவள் சொன்னது பொய்யாக இருக்கும். உண்மையாக இருக்கும். ரஞ்சி அக்காவாக இருக்கும்.

கடைசியை எழுதிவிட்டேன். புதனிலிருந்து தெரியும். எழுதாமல் இருந்தால் தெரியாத மாதிரி இருந்தது.

பெப்ரவரி 11, ஞாயிறு

மழை. தகரக் கூரையில் பெரிய சத்தம்.

சாட்சி நேரத்தில் ரெபி எழுந்தாள். பாஸ்ரர் என்னைப் பார்த்தார். ஜெயம் அண்ணையும் திரும்பிப் பார்த்தார். நான் பெரிய வீரனாக ஏதாவது செய்தேன் என்று இங்கே எழுத ஆசைதான். மிக்சரில் அவள் மைக்கின் சத்தக் கட்டையை இறக்கிவிட்டேன். மைக் செத்தது.

அவள் மைக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னை. கதிரையில் மைக்கை வைத்துவிட்டு வெறும் வாயால் சொன்னாள். மழைக்குள் கேட்காததால் சனம் முன்னுக்குச் சரிந்து, பிள்ளைகளின் வாயைப் பொத்தி, காது கொடுத்தது.

"அந்தக் கை இன்னும் எடுபடேல்லை. அக்கா, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் தனிய இல்லை."

"ஆமென்!" ஜெயம் அண்ணை. இந்தமுறை அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ரஞ்சி அக்கா எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். மண்டபத்தின் பின்னால் இருந்த என் மிக்சர் மேசைக்கு வந்தார். மற்ற மைக்கை எடுத்தார்.

"தம்பி, சத்தத்தை ஏத்திவிடுங்கோ."

"ரஞ்சி, வந்து இரும்" என்று முன்னாலிருந்து அண்ணை. பாஸ்ரர் எனக்குத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. என் விரல் வியர்வையில் வழுக்கியது. இரண்டாம் தரம்தான் கட்டை ஏறியது. கூடிப்போய்விட்டது, ஸ்பீக்கர் கீச்சிட்டது, எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

"அது நான்தான்" என்றார் ரஞ்சி அக்கா. "பிள்ளை பொய் சொல்லேல்லை." முக்காட்டைக் கழற்றினார். பக்கத்தில் நின்றதால் நான்தான் முதலில் பார்த்தேன். கழுத்தில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன்.

ரெபி அவரைக் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனாள். டொக்டர், பிறகு பொலிஸ். விமலாவும் கூடவே போனாள், ஒரு சொல்லும் சொல்லாமல். நான் தனியே வயர்களைச் சுற்றினேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

ரஞ்சி அக்கா இப்போது எங்கள் வீட்டில் ரெபியின் அறையில் இருக்கிறார். ரீ போட்டுக் கொடுத்தோம், ஆறிப்போய்க் கிடக்கிறது. பாஸ்ரரிடமிருந்து அழைப்பு இல்லை.

ஜெயம் அண்ணை அழைத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயம்.

"தம்பி, அவவிட்டைப் போனைக் குடும். குடும்ப விஷயம்."

"அவ கதைக்க மாட்டா அண்ணை."

"நீர் குடும்."

"மாட்டன்."

 "சரி. நாளைக்குக் காணுவம்" என்று வைத்துவிட்டார்.

நாளைக்குக் காலை ஷிப்ட். அவரும் நானும் ஒரே ஷிப்ட். வேலைக்குப் போறியளோ என்று விமலா குசினிக்குள்ளிருந்து கேட்கிறாள். வாசல் பூட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டு, அலாரத்தை வைக்கிறேன்.