நீ செய்த கண்ணாடியும் ஹெர் அம்ரைனும்

லுசேர்ண், சுவிஸ்
புதன்கிழமை

அன்பு மகள் மதுஜாவுக்கு,

அம்மா எழுதிறன். நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறம், அமெரிக்காவில தனிய இருக்கிற உன்ர சுகத்தைத்தான் முருகனிட்டைக் கேட்டுக்கொண்டு இருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில வரேக்க பக்கத்து வீட்டுத் தனுஷியா போனை நீட்டி, அன்ரி இது உங்கட மதுஜா தானே எண்டாள். பார்த்தால் நீ மேடையில நிண்டு, இந்தக் கண்ணாடியை முதல் செய்த ஆக்களில நானும் ஒருத்தி, போட்டால் இல்லாத உலகம் இருக்கிறமாதிரித் தெரியும், இப்ப அது மனிசரின்ர கண் எங்க நிக்குது எண்டு பார்த்துப் பார்த்து அவையின்ர மனசையே திருப்புது, அதால கொம்பனியை விட்டிட்டன் எண்டு சொல்லுறாய். பார்த்துக்கொண்டே இறங்கிற இடத்தையும் விட்டிட்டன். பெத்த தாய் இதைப் பஸ்ஸிலயோ அறியிறது? அப்பா கேட்டிட்டு, பேரும் புகழும் எடுத்தபிறகு, தான் செய்ததைத் தானே பிழை எண்டு சொல்லுவாளோ எண்டு கத்தினார்.

உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு பிள்ளை. நான் வேலை செய்யிற வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற ஹைமிலயும் அந்தக் கண்ணாடிதான். மூண்டு மாசமாய்ப் பின்னேரத்தில அங்க இருக்கிற ஹெர் அம்ரைன் எண்ட கிழவருக்கு நான்தான் பூட்டிவிடுறது. முந்தி மலை ரயில் ஓட்டின மனிசன். கண்ணாடிக்குள்ள மலையைப் பார்த்து அவர் சிரிக்க, என்ர மகள் செய்தது எண்டு எல்லாருக்கும் பெருமை அடிச்சன். உன்ர பேச்சைக் கேட்டபிறகு மனம் கேக்கேல்லை. திங்கள் பொறுப்பாய் இருக்கிற மனிசியிட்டை, இண்டைக்குக் கண்ணாடி வேண்டாம், ஆளை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டன். உங்கட மகள் செய்ததெல்லோ எண்டு அவ கேட்டா, ஓம், அதாலதான் எண்டன். நல்ல வெய்யில். தள்ளுநாற்காலியைக் கரையில நிப்பாட்டினன், முன்னால முழு மலையும். அவர் கனநேரம் பார்த்தார். பிறகு என்ர கையைப் பிடிச்சு, இது சின்னன், சும்மா நிக்குது, நல்ல மலையைப் போட்டுவிடு எண்டார். நாற்பது வருசம் ஏறி இறங்கின மலை, பிள்ளை! திரும்பி வருமட்டும் குழந்தைமாதிரி அழுதார்.

அப்பாவுக்குச் சொன்னன். யோசிச்சிட்டு, அப்ப பிள்ளை சொன்னது பொய்யில்லை எண்டார். நான் இனி ஆருக்கும் அதைப் பூட்டமாட்டன் எண்டு ஹைமில சொல்லிப்போட்டன், வெள்ளிக்கிழமை கூப்பிட்டு விசாரிக்கப் போகினம். பயமாய்த்தான் கிடக்கு. ஆனால் நீ அவ்வளவு சனத்துக்கு முன்னால நிண்டனி, நான் நாலு பேருக்கு முன்னால நிக்கமாட்டனோ?

அட்லிஸ்வில் கோயில் முருகன் உன்னைக் கைவிடமாட்டார், நல்லாய் இரு. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவுக்கு நீயே முதல் போன் எடு, அவராய் எடுக்கமாட்டார், ஆனால் போனைக் கையிலயே வைச்சுக்கொண்டு திரியிறார்.

உன்ர அம்மா,
சரோஜினிதேவி