செங்காவி பூசிய கடல்

மச்சான்,

உன் வீட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை இன்று காலையில்தான் பிரித்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அதே வாடை. உள்ளே நாம் கடைசியாகச் செய்த துறைமுகப் படத்தின் டைல்ஸ். சூளையில் முதல் சூட்டோடு நின்றுபோய், வண்ணம் ஏறாமல், வெள்ளை வெளேரென்று கிடக்கிறது.

"அண்ணே, வருஷப் பூசைக்கு முன்னாடி நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. அவுரு கடைசியா தொட்டது. இப்படி மொட்டையா கெடக்குறத பாக்க முடியல" என்று தங்கச்சி போனில் அழுதது. சரி என்றுவிட்டேன். இது கெட்டுப்போனால் இன்னொன்று செய்ய நீ ஏது?

விருத்தாசலம் பக்கத்துப் பட்டறையில் நாம் சேர்ந்தது 2004-ல். மற்ற நாளெல்லாம் மின்கம்பத்துக்குப் பீங்கான் வார்ப்பது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மிச்ச மண்ணில் நம் கூத்து. சிதம்பரத்துக்காரன் நான் உருவம் செதுக்குவேன். கடலூர் முதுநகர்க்காரன் நீ சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து வண்ணம் பூசுவாய்.

எத்தனை சண்டை! பிச்சாவரம் மாதிரி பச்சையும் நீலமுமாக இருக்கட்டும் என்பேன் நான். துருப்பிடித்த கிரேன், காரை பெயர்ந்த கிட்டங்கி, தூரத்துப் புகைபோக்கி எல்லாம் வேண்டுமென்று நீ ஒற்றைக்காலில் நிற்பாய்.

"கடல் என்னிக்கிடா நீலமா இருந்துச்சு? காலண்டர்லதான்! மழைக்கு ஆத்துத் தண்ணி வந்து சேர்றப்ப பாரு, டீ கலர்ல கெடக்கும். அதான் எங்க ஊரு கடலு."

"டீ கலர் கடலை எவன்டா வீட்ல மாட்டுவான்?"

"நான் மாட்டுவேன், போடா."

அந்த டீ கலருக்கு நீ கரைத்தது செங்காவிப் பொடி. முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் பூராவும் செக்கச்செவேல்! "பயப்படாத மச்சான். பூசுறப்ப ஒரு கலரு, வெந்தா ஒரு கலரு" என்று சிரித்தாய். சூளையிலிருந்து வெளியே வந்தது அச்சு அசல் டீ கலர். எவ்வளவு கரைக்கணும், எத்தனை தடவை பூசணும் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. நீதான் பக்கத்திலேயே இருந்தாயே. பாவி, ஒரு காய்ச்சலில் போய்ச் சேருவாய் என்று யார் கண்டது?

நீல டப்பா இதோ, கைக்கெட்டும் தூரத்தில். நீலம் எனக்குப் பழக்கம், தப்பாது. தங்கச்சியும் ஒன்றும் சொல்லாது. ஆனால் உன் வீட்டுச் சுவரில் நீலக்கடல் ஏறினால், கடைசிச் சண்டையில் நான் ஜெயித்தது மாதிரி ஆகிவிடும். எதிரில் ஆளில்லாமல் ஜெயித்து என்ன பண்ணப் போகிறேன்?

இதை எழுதிப் பாதியில் வைத்து ஒரு மாதம் ஆகிறது. செங்காவிதான் பூசினேன். சூளை ஆறும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

கலங்கல் வந்திருக்கிறது மச்சான். மழைக்காலத்து முகத்துவாரம். ஒரு மூலையில் மட்டும் கிரேனின் துரு வழிந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அது அழகா, கேடா? எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் எல்லாரும் சூப்பர் என்றார்கள். தங்கச்சி தடவிப் பார்த்து, "அவுரு செஞ்ச மாதிரியே இருக்குண்ணே" என்றது. எனக்குத்தான் சந்தோஷமே வரவில்லை.

இத்தனை வருஷமும் சூளையைத் திறந்ததும் நான் டைல்ஸைப் பார்த்ததில்லை, உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். நீ உதட்டைப் பிதுக்கினால் போச்சு. தலையாட்டினால் தேறிற்று. அன்றைக்கும் கதவைத் திறந்த உடனே வலப்பக்கம் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

அதற்கப்புறமும் ஒவ்வொரு சூளைக்கும் திரும்புகிறேன். கழுத்து கேட்கமாட்டேன் என்கிறது.