உங்களை உட்காரவைத்த வண்டி

அன்புள்ள அக்கா,

இன்று கல்லறைத் திருநாள். உங்களுக்குப் பூ வைக்கக் கிளம்பினேன். வாசலில் புஷ்புஷ் வண்டி வந்து நின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை வெயிலில் நடக்கக் கூடாதென்று என் மகன் அனுப்பியது. பின்னால் ஓர் ஆள் தள்ள வேண்டும். முன்னால் உட்கார்ந்து திருப்பும் கம்பியை நான் பிடிக்க வேண்டும். பார்த்ததும் உங்களை உட்காரவைத்த வண்டிதான் நினைவுக்கு வந்தது.

ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் நாம். ஓய்வுக்குப் பிறகும் நீங்கள் விடியற்காலைப் பூசைக்கு நடந்து போவீர்கள். கடற்கரையைச் சுற்றி, மீன் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். கூட வரும் எனக்குத்தான் மூச்சு வாங்கும். "என்னாடி, அதுக்குள்ள கிழவியாயிட்டியா?" என்பீர்கள்.

பிறகு சைகோனிலிருந்து உங்கள் மகன் வந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷனோடு. அந்தச் சிப்பாய்களை நம் ஊரில் சொல்தா என்போம். "சொல்தா வூட்டு அம்மா மீன்கூடையோட தெருவுல நடக்கறாங்கன்னு நாலு பேர் பேசணுமா?" என்றார். தினமும் வாசலில் வண்டி நின்றது. மீனுக்கும் தண்ணீருக்கும் ஆள் வந்தது. உங்களுக்கு நாற்காலி மிஞ்சியது.

"கம்பிய புடிக்கிறதுதான் இப்ப என் வேல. தள்றவருக்கு என்னவிட வயசு அதிகம்டி" என்றீர்கள் ஒருநாள். மறுநாள் தெருமுனையில் இறங்கி, காலி வண்டியின் பக்கத்தில் அவரோடு பேசிக்கொண்டே நடந்தீர்கள். சேதி வீட்டுக்கு முந்திக்கொண்டது. "என் மானத்த வாங்காதம்மா" என்று மகன் அழாத குறை. அதன்பின் நீங்கள் இறங்கவே இல்லை.

கை முறிந்து கட்டுப் போட்ட பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறோமே. கட்டைப் பிரித்ததும் அந்தக் கை மட்டும் குச்சியாக இருக்கும். சில வாரம் சும்மா இருந்த கைக்கே அப்படி. உங்கள் கால்களை எத்தனை காலம் சும்மா வைத்தார்கள்! கோயில் படியேற இருவர் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு கட்டில். "வயசாயிடுச்சி, அப்படித்தான்" என்றார்கள். வயதா செய்தது அதை? அடக்கத்தன்று "ராணியாட்டம் வச்சி பாத்தான்" என்று மகனை மெச்சினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்தேன். கல்லறையில் உங்கள் மகன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். தொந்தி விழுந்திருக்கிறது.

"இந்த வயசுல நடந்தா வந்தீங்க டீச்சரம்மா? என் வண்டி நிக்கிது, வூட்ல வுட்டுடறேன்."

"வேணாம்பா. நீயும் கூட நடந்து வா."

மறுக்க முடியாமல் வந்தார். தெருமுனை வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. என் வாயில் வந்தது உங்கள் வார்த்தைதான்.

"என்னாப்பா, அதுக்குள்ள கிழவனாயிட்டியா?"

நான் நடையைக் குறைக்கவில்லை.