சாவி கேட்காத பூட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், நம் பூட்டுக் கடையும் நலம். நீயும் உன் புது வீடும், அதில் அறைக்கு ஒருவராக வாடகைக்கு இருக்கும் நாலு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன், கீல் வாங்க வந்த தச்சர், 'என்னக்கா, மக எழுதினதா, முகமே சொல்லுதே' என்று சொல்லிவிட்டுப் பொறுமையாக நின்றார். பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டை வாடகைக்கு விட அந்த ஊர்ச் சட்டம் கேட்பதையெல்லாம் நீ ஒவ்வொன்றாகச் செய்து வருவது பெருமையாக இருந்தது, ஒவ்வொரு மாடியிலும் புகை வந்தால் அலறுகிற மணி மாட்டிவிட்டாய், படிக்கட்டை மறித்த சைக்கிளை அப்புறப்படுத்திவிட்டாய், அளவு போதாத பின் அறையில் ஆள் வைக்காமல் சாமான் போட்டுவிட்டாய். அந்த அறைக்கும் வாடகை வந்திருக்குமே என்று உன் அப்பா இழுத்தார், 'நீங்க போய் அதுல காலை நீட்டிப் படுத்துப் பாருங்க' என்றேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தாய், அதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த நாலு பேரில் ஒருத்தியான நர்ஸ் பெண் வாசற்கதவைச் சரியாகச் சாத்துவதில்லையாம், ராத்திரி அவள் வேலை முடிந்து வந்த பிறகு நீயே உள்ளிருந்து பூட்டி, அம்மா மாதிரியே சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறாயாம், இன்னும் கெட்டியாக, இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு ஒன்று வேண்டுமாம். கண்ணு, பூட்டு விற்றே உன்னைப் படிக்க வைத்தவள் சொல்கிறேன், அந்தப் பூட்டை உனக்குத் தர மாட்டேன். வெளியேறும் கதவை உள்ளே இருக்கும் யாரும் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று நீ அனுப்பிய சட்டத்திலேயே இருக்கிறதே, அதை எப்படித் தாண்டிப் போனாய்? திருடனை நினைத்தாய், நெருப்பை நினைக்கவில்லை. சட்டம் அதிகப்படி கேட்கிறதோ என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்கதவைப் பூட்டிவிட்டு, புகையில் கண் தெரியாத மாதிரி உன் அப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டி, 'வீடு பத்திக்கிச்சு, வெளிய ஓடுங்க' என்று கத்தினேன். மனுஷன் இரண்டு தலையணையையும் தூக்கினார், கட்டில் காலில் இடித்துக்கொண்டார், தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தார், கடைசியில் 'சாவிய எங்கடி வச்ச, நான் வெந்தே போயிட்டேன்' என்றார். சாவி என் இடுப்பில் இருந்தது. சிரிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அங்கே புகையில் நீ முதலில் மயங்கிவிட்டால் அந்த நாலு பேரும் யாரிடம் போய்ச் சாவி கேட்பார்கள்? வீட்டை வாடகைக்கு விடுகிற லைசென்ஸ் போனால் இன்னொன்று வாங்கலாம், உயிரை வாங்க முடியாது கண்ணு.

அன்று சாயங்காலமே நம் வாசல் பூட்டை மாற்றிவிட்டேன், அதே மாதிரி ஒன்று உனக்கும் பார்சல் போட்டாயிற்று. வெளியே சாவி, உள்ளே கையால் திருகுகிற குமிழ், கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், நர்ஸ் பெண்ணைத் திட்டாதே, அவள் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள். வீட்டைச் சோதிக்க அதிகாரி வரும் நாளுக்கு மட்டும் இதை மாட்டிவிட்டுக் கழற்றிவிடலாம் என்ற வியாபாரப் புத்தி வேண்டாம், அந்தப் புத்தி எனக்கு நன்றாகத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, இளைத்துவிட்டாய்.

உன் கூரைக்குக் கீழே படுக்கிறவர்கள் எல்லாரும் உன்னை வாழ்த்தும்படி நீ நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, உன் அப்பாவிடம் போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பச் சொல்கிறேன். பார்சல் வரும்வரை சாவி கதவிலேயே, உட்பக்கம் தொங்கட்டும். நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு எனக்கு போன் செய், அப்புறம்தான் நான் படுப்பேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா