தெமட்டகொடைப் பக்கம் ஓர் அறை

தான்தோன்றீஸ்வரர் துணை

படுவான்கரை,
2001 புரட்டாதி.

அன்பு மகள் புஸ்பத்துக்கு அம்மா எழுதிக்கொள்ளுறது. நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமா இரிக்கணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு இரிக்கம். சுகம் எண்டு எழுதுற வழக்கத்துக்கு எழுதிப்போட்டன், எங்கட சுகம் எப்பிடி எண்டு இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினவளைப் பார்த்த உடனே உனக்கு விளங்கியிருக்கும். தங்கச்சியை ஏசாத புள்ள, அவள் தானா வரல்ல, நாங்கதான் அனுப்பினம். போன கிழமை இயக்கப் பொடியனுகள் வீடு வீடா வந்து ஒரு வீட்டுக்கு ஒராள் தரணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனாங்கள், நீ கொழும்பில, நம்மட வீட்டில மறுகா ஆரு இரிக்கா, பூரணிதானே. பக்கத்து வளவுப் புள்ள பள்ளிக்கூடம் போனது திரும்பி வரல்ல, தாய் தெருவில கிடந்து குழறுறா. பதினைஞ்சு வயசுப் புள்ளையை நான் எப்பிடிக் குடுக்க? சாமித்தம்பி மாமா தோணியில ஆறு கடத்தி விட்டாரு. நம்மட நெல்லு எடுக்க வருவாரே ஓட்டமாவடிச் சரீப் காக்கா, அவரும் பெண்சாதி ஸகியாவும் தங்கட மகள் எண்டு முக்காடு போட்டுப் பொலன்னறுவைப் பாதையால கூட்டி வாறாங்க. வழியில எத்தினை இடத்தில இறக்கி ஏத்தினாங்களோ தெரியாது. முதல்ல அவளுக்குத் தின்னக் குடு, படுக்கவிடு, மிச்சத்தை மறுகா படி.

இப்ப வீட்டு விசயத்துக்கு வாறன். பொலிசு வந்து உங்க லொட்ஜில இரிந்த அவ்வளவு பேரையும் விடியும் வரைக்கும் ஸ்டேசன்ல வச்சிருந்ததை நீ எனக்கு எழுதல்ல, ஊரில மற்றாக்கள் சொல்லித்தான் கேட்டன், கள்ளி, உன்னை அதுக்கு மறுகா ஏசுறன். லொட்ஜ்காரன் மாச முடிவுக்குள்ள அறையை விட்டு எழும்பச் சொன்னது ஒரு வகைக்கு நல்லம். வெள்ளவத்தை எண்டா எங்கட ஆக்கள் எல்லாம் அங்கதான் எண்டு ஓடிப்போய் ஒரே இடத்தில அடையிறது, மீன் கூட்டமாக் கிடந்தா வலை எறியிறவனுக்கு லேசு. கொட்டாஞ்சேனையில ஒரு அறை கிடக்கு, வீட்டுக்காரி நம்மட ஊர், நம்மட குடிதான் அம்மா எண்டு பெரிய சந்தோசமா எழுதியிருந்தாய். குடி பார்த்துக் கலியாணம் பேசலாம் புள்ள, கொழும்பில அறை எடுக்கலாமா? அந்த வீட்டுக்கு ஊரில இரிந்து போறவாற எல்லாரும் வந்து தங்குவாங்க, பொலிசுக்கு அது போதும். அதைவிட, பூரணி அங்க ஒரு நேரம் சோறு தின்டா அடுத்த நாளே இஞ்ச சந்தையில கதைப்பாங்க, நல்லரத்தினத்தார்ட இளையவள் கொட்டாஞ்சேனையில எண்டு. அது ஆர்ட காதுக்குப் போகும் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்ல. எங்கட ஆக்கள் கெட்டாக்கள் இல்ல, வாய்தான் நிக்காது.

பிலியந்தலையில வாடகை குறைவு எண்டு எழுதினாய், அது சரி. வேலை முடிஞ்சு நீ பஸ்ஸால இறங்கி இருட்டுக்குள்ள நடக்கணும், இவள் பகல் முழுக்கத் தனியக் கிடக்கணும், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, வாயைத் திறந்தா முழுத் தெருவுக்கும் தெரிஞ்சிரும். அந்தாக்கள் பொல்லாதாக்கள் எண்டு நான் சொல்லல்ல, தெருவில பொல்லாத ஒராள் இரிந்தாலே காணும்தானே. அதால நீ தெமட்டகொடையைப் பார். சரீப் காக்காட அக்கா கைறுன்னிஸா ராத்தா அங்கதான் இரிக்கா, ரெண்டு மூணு அறை கேட்டு வச்சிரிக்காவாம், கூட்டிப்போய்க் காட்டுவா. அங்க தெருவில தமிழ் கதைச்சா ஒருவரும் கிறுகிப் பார்க்க மாட்டாங்க, சோனகர் வீட்டிலயும் அதே தமிழ்தான். இதுக்கு மாமா என்னோட பெரிய சண்டை. தொண்ணூறில சோனகருக்கும் நமக்கும் நடந்த வெட்டுக்குத்தை மறந்திட்டியா தங்கச்சி எண்டு கேட்டாரு. நான் மறக்கல்ல. அவங்களும் மறந்திருக்க மாட்டாங்க, சரீப் காக்காட தம்பி வட்டைக்கு வயல் பார்க்கப் போனவர்தான், வரவேயில்ல. அப்பிடியிருந்தும் அந்த மனிசன் என்ட புள்ளையைத் தன்ட புள்ள எண்டு சொல்லிக் கூட்டிப் போக வந்தாரு, அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெரியல்ல. அப்பிடிக் கத்தின மாமாதான் தோணியும் வலிச்சாரு.

அறை பார்க்கிற நேரம் சுவரையும் நிலத்தையும் பார்த்து மயங்காத. தண்ணிக் குழாய் வளவுக்குள்ளயா, கக்கூசு உள்ளுக்கா வெளியிலயா, கதவுக்கு உள்பக்கம் கொண்டி இரிக்கா, பகலில வீட்டில பொம்புளையள் இரிப்பாங்களா எண்டு பார். சோதனைச் சாவடிக்குக் கிட்ட வேணாம், தண்டவாளத்துப் பக்கமும் வேணாம். வீட்டுக்காரர் உன்னோட பொலிசு ஸ்டேசனுக்கு வந்து உங்க ரெண்டு பேர்ட பேரையும் பதிஞ்சு தருவாரா எண்டு முதல்ல கேள், வாடகையை மறுகா கேள். பதியத் தேவையில்ல, சும்மா இரிங்க எண்டு சொல்றவன்ட வீடு இனாமாத் தந்தாலும் எடுக்காத, நாளைக்கு அவனே உங்களைத் தெரியாது எண்டுவான். வீட்டாக்கள் மனம் கோணாம நடங்க, பூரணிக்கு அடுப்படியில வேலை செய்யச் சொல்லு, சும்மா இரிந்தா அழுவாள்.

முற்பணம் கேப்பாங்க, ஒரு வருசத்து வாடகையும் கேப்பாங்க எண்டு காக்கா சொன்னாரு. பூரணிட பாவாடைக் கரை மடிப்பைப் பிரிச்சுப் பார், என்ட தாலிக்கொடி இரிக்கு. அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா வெளிக்கிட்டிருக்க மாட்டாள். குழறாத மகள். அப்பாதான் கழட்டச் சொன்னாரு, ஆள் நான் குத்துக்கல்லு மாதிரி இரிக்கன், உனக்குப் பிறகென்ன எண்டு சொன்னாரு. சொல்லிப்போட்டு வட்டைக்குப் போனவர் பொழுதுபட்டும் வரல்ல, நான் போய்த்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்தன். மஞ்சள் கயிறு கட்டியிரிக்கன், கழுத்து வெறுமையில்ல. செட்டியார் தெருவில கொண்டுபோய் வித்துப்போடு. அடகு வைக்காத, மீட்கணும் எண்டு வயித்தைக் கட்டுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

பொடியனுகள் மறுகாவும் வருவாங்கள், பூரணி எங்க எண்டு கேப்பாங்கள். புள்ளையை ஒளிச்ச தகப்பன்மாரைக் கொண்டுபோய் வச்சிரிக்கிறதாயும் கதை வருது. அப்பாவையும் கொண்டுபோயிட்டாங்கள் எண்டு உங்கட காதில விழுந்தாலும் ரெண்டு பேரும் அங்கயே இரிங்க. கிறுகி வந்தீங்க எண்டா முகத்திலயும் முழிக்க மாட்டன் எண்டு அப்பா சொல்றாரு, பக்கத்தில இரிந்து சொல்லச் சொல்லத்தான் இதை எழுதுறன். எனக்குப் பயம்தான், இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன்.

என்ட ரெண்டு புள்ளைகளும் நோய் நொடி இல்லாம, ஒருத்திக்கொருத்தி துணையா நல்லா இரிக்கணும், தான்தோன்றீஸ்வரர் கூட நிக்கட்டும். கடிதத்தை வாசிச்ச கையோட எரிச்சுப்போடு. வீடு எடுத்தாச்சு எண்டு மட்டும் சரீப் காக்காட்ட வாயால சொல்லி விடு, அது காணும். எந்தத் தெரு, ஆர்ட வீடு எண்டு எனக்குச் சொல்லாத புள்ள. எனக்குத் தெரியாட்டி, ஆர் என்ன செய்து கேட்டாலும் நான் சொல்லேலாது.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரையும் பெத்த
அம்மா